கணினியில் தமிழ் கலையாதிருக்க

பி.எஸ்சி. கணினி அறிவியல், இரண்டாம் ஆண்டு

கல்லிலும் ஓலையிலும் நிலைத்து நின்ற தமிழ் எழுத்து, ஒரு கணினியிலிருந்து மறு கணினிக்குப் போவதற்குள் கலைந்துவிடுகிறதே, ஏன்? நாம் எழுத்துருக்களைக் கையாளும் முறையே காரணம் என்பது என் கருத்து.

பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் வடிவத்தை அமர்த்தியவை. பாமினியில் 'அம்மா' என்று தட்டினால், கணினி நினைவில் வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் குறிகளைத்தான். அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் அம்மா மறைந்து அக்குறிகளே எஞ்சும். யூனிகோடிலோ 1991 முதல் தமிழுக்குத் தனி இடம் உண்டு. அதில் 'அ' என்றால் 2949. எந்த ஊரில் திறந்தாலும் அதே எண். எழுத்துருவை மாற்றினால் அழகு மாறுமே தவிர எழுத்து மாறாது. தமிழக அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது.

ஆயினும் பழைய எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தந்தையார் கடையில் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பிய மனுவை, "படிக்க இயலவில்லை" என்று ஓர் அலுவலகம் திருப்பியது. மறுபடி தட்டச்சுக்குக் காசு. அதற்காக ஒரு நாள் கூலியும் போயிற்று. படித்தவர்க்குச் சிறு கோளாறு. ஏழைக்கோ ஒரு நாள் சோறு!

பழகிய கை மாறாது என்பர் சிலர். பழகிய பாமினி விசை முறையிலேயே யூனிகோடில் தட்டும் மென்பொருள்கள் இருக்கின்றனவே! விரல் மாற வேண்டியதில்லை.

நம் ஆய்வகத்திலும் கவனம் தேவை. 2018-க்குப் பிந்திய விண்டோஸ் 10-இல் வெறுமனே நிறுவினால், எழுத்துரு நிறுவியவர் கணக்கில் மட்டுமே ஏறும். அடுத்த மாணவர்க்குக் கிட்டாது. சில மென்பொருள்களின் கண்ணிலும் படாது. 'எல்லாப் பயனர்களுக்கும்' என்ற வழியில் நிறுவி, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். வெளியே அனுப்பும் கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி, எழுத்துருவை அதனுள்ளேயே பதித்துவிட வேண்டும்.

பேராசிரியப் பெருமக்களே, மாணவத் தோழர்களே! அடுத்த ஆண்டு மலருக்கு வரும் படைப்புகள் யாவும் யூனிகோடிலேயே வர வேண்டும் என விதி செய்வோம். நம் ஊர்த் தட்டச்சுக் கடைக்காரருக்கும் இதைச் சொல்லிக் கொடுப்போம். 'தமிழ் வாழ்க' என்று சுவரில் எழுதும் கைகள், ஏழையின் மனு எங்கு சென்றாலும் தமிழாகவே தெரியவும் உழைக்கட்டும்!