அவலத்துள் முளைத்த நகை

துன்பியற் கதையினிடையே நகைச்சுவையை வைத்தல் கறிக்கு உப்பிடுவது போன்றது என்பர் ஒருசாரார். பாற்குடத்திற் புளியிடுவது போன்றது என்பர் மற்றொரு சாரார். முன்னவர்க்கு அஃது இளைப்பாறல், பின்னவர்க்குச் சுவைக்கேடு. இருசாராரும் நகையைப் புறத்திருந்து வரும் விருந்தாகவே கொள்கின்றனர். அவலத்தின் வேரிலிருந்தே நகை முளைத்தல் கூடும் என்பது என் கருத்து. அதற்குச் சான்றாகத் தொலைக்காட்சி நாடகமொன்றை ஈண்டு எடுத்துக்காட்டுவேன். தொலைக்காட்சி என்றதும் முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க.

'எக்ஸ் பைல்ஸ்' ஐக்கிய அமெரிக்காவில் 1993இல் தொடங்கிய தொடர். கொலையும் இருளும் அமானுடமுமே அதன் பொருள். மல்டர், ஸ்கலி என்னும் புலனாய்வாளர் இருவர் அதன் தலைமை மாந்தர். டரின் மோர்கன் என்பார் அத்தொடருக்கு எழுதிய நாடகங்களுள் ஒன்று, 1995 ஒக்டோபர் 13ஆம் நாள் ஒளிபரப்பான 'கிளைட் பிறக்மனின் இறுதித் துயில்'. அடுத்த ஆண்டில் அதனை எழுதியமைக்காக மோர்கனும், பிறக்மனாக நடித்தமைக்காகப் பீற்றர் பொயிலும் எமி விருது பெற்றனர்.

பிறக்மன் சென்ற் போல் நகரத்து ஆயுட் காப்புறுதி முகவர், முதுமையுற்றவர், தனியர். எவரைக் காணினும் அவர் எவ்வாறு இறப்பார் என்பது இவருக்குத் தெரிந்துவிடும். சாவை அறிந்தவனே சாவின்பேரில் வாணிகம் செய்கின்றான்; ஆயினும் அவனால் ஒரு காப்புறுதிப் பத்திரத்தை விற்றல் அரிதாகின்றது! படகு வாங்க எண்ணிக் காப்புறுதியை மறுக்கும் இளைஞனுக்கு, அவன் சாலை விபத்தில் மாளப்போவதை உள்ளவாறே உரைக்கின்றார், வாணிகம் கெடுகின்றது. நாம் சிரிக்கின்றோம். ஆயின் அம்முதியவரின் துயரமும் அதுவேயன்றோ? தாம் அறிந்ததனால் எவரையும் காக்கவியலாது, தாமும் வாழவியலாது. ஒரே செய்தி ஒருபால் நகையாகவும் மறுபால் அழுகையாகவும் நிற்கின்றது.

நகை பிறக்கும் நிலைக்களங்கள் நான்கென வகுத்த தொல்காப்பியர், எள்ளலையும் பேதைமையையும் அவற்றுள் வைத்தார். இரண்டும் இந்நாடகத்தில் உள. யாப்பி என்னும் ஆரவாரக் குறிகாரன் எள்ளலுக்கு உரியவன். குறிசொல்வாரைத் தேடிக் கொல்லும் கொலைஞனோ, தான் ஏன் இவ்வாறு செய்கின்றான் என்று அறியாத பேதை. அதனை அவன் பிறக்மனிடமே வினவுகின்றான். கொலைவெறி கொண்ட பித்தனாதலாலே செய்கின்றாய் என்று அவர் விடைகூற, ஐயந் தெளிந்த மாணாக்கனைப்போல் அவன் மனநிறைவு எய்துகின்றான். அச்சமும் சிரிப்பும் ஒருங்கே எழும் இடம் அது.

மோர்கனின் ஆற்றல் முற்றும் விளங்குவது முடிவிலேதான். தாமும் ஸ்கலியும் ஒரு படுக்கையில் இருப்பதையும், அவள் தம் கையைப் பரிவுடன் பற்றியிருப்பதையும் முன்னரே காண்பதாகப் பிறக்மன் கூறுகின்றார். கிழவரின் குறும்பென்று அவள் கருதுகின்றாள், நாமும் நகைக்கின்றோம். இறுதியில் பிறக்மன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்கின்றார். படுக்கையின் ஓரத்தில் ஸ்கலி அமர்ந்து அவர் கையைப் பற்றுகின்றாள். நாம் நகைத்த அச்சொல் பிழையாது பலிக்கின்றது. அழுகையை வரவழைத்தற்குப் புதிதாக ஒன்றும் சேர்க்கப்படவில்லை. முன்னர்ச் சிரிக்க வைத்ததுவே போதுமாயிற்று.

மாய்ந்தவனை வைத்து நகையாடுதல் இரக்கமின்மை அன்றோ எனின், அன்று. அவர் துயரத்தை ஆசிரியர் ஓரிடத்தும் இகழ்ந்தாரல்லர். பெயரே அதற்குச் சான்று. பஸ்ரர் கீற்றனுடன் இணைந்து 'த ஜெனரல்' (1926) என்னும் ஊமைப்படத்தை நெறிப்படுத்திய நகைச்சுவையாளர் ஒருவரின் பெயர் கிளைட் பிறக்மன். உலகை நகைப்பித்த அவரும் 1955இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்பெயரை ஏற்றிய செயலில் எள்ளல் இல்லை, அஞ்சலியே உண்டு.

நகைச்சுவை எழுத்தை இரண்டாந்தரமாக மதிக்கும் வழக்கம் நம் திறனாய்வாளரிடமும் ஆசிரியரிடமும் இன்னும் உண்டு. அழவைப்பவனைப் புலவன் என்போம். சிரிக்கவைப்பவனைக் கோமாளி என்போம். ஒரே சொல்லால் இரண்டையும் செய்பவனை யாதென்று அழைப்பது? எழுதப் புகும் இளைஞர்க்கு ஒன்று கூறுவேன். கதையின் இருளைக் குறைக்க வெளியிலிருந்து விளக்கைக் கொணரற்க. அவ்விருளினுள்ளே கிடக்கும் நகையைத் தேடுக. அது கிட்டுமாயின், அழுகை தானே பின்வரும்.