கழனி வெயிலும் உடம்பின் சில்லறையும்

பாகூர் பக்கம் சொர்ணவாரி நடவுக்குப் போய் வருகிற ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, குழந்தை பிறந்து அஞ்சு மாசம் ஆச்சு. மூணு நாளாத்தான் கழனிக்குப் போறேன். மத்தியானம் ஆனா கைகால் ஓய்ஞ்சு போவுது. மாமியார் சோம்பேறிங்கறாங்க."

சோம்பல் இல்லையம்மா! உன் மாமியாருக்கும் இதைப் படித்துக் காட்டு.

நெல் மூட்டையைக் கொடுத்து டவுன் பஸ்ஸில் டிக்கெட் வாங்க முடியுமா? சில்லறை வேண்டும். சாப்பிட்ட சோற்றையும் நம் உயிரணுக்கள் அப்படித்தான் சில்லறையாக மாற்றிச் செலவழிக்கின்றன. அதற்கு ஏ.டி.பி. என்று பெயர். தசையில் அதை முதலில் கண்டவர்களில் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். 1929-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து கண்டார். ஜெர்மனியில் லோமானும் அதே வருஷம் கண்டார். உடம்பு முழுக்கத் தேடினாலும் இந்தச் சில்லறை நூறு கிராம் தேறுவது கஷ்டம். செலவாகச் செலவாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி வெயிலுக்கு வருவோம். உயிரணுவுக்குள் வேலையெல்லாம் செய்பவை புரதங்கள். புடவை மடிப்பு மாதிரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மடிப்பு உண்டு. சூடு மிஞ்சினால் அது குலையும். குலைந்ததைப் பிடித்து மறுபடி மடித்துவிட, உயிரணு வேறு சில காவல் புரதங்களை அவசரமாகத் தயாரிக்கிறது. 1962-ல் இத்தாலியில் ரிட்டோசா என்பவர் இதன் முதல் அடையாளத்தைப் பழ ஈயில் பார்த்தார். யாரோ பெட்டியின் சூட்டைக் கூட்டி வைத்துவிட்டார்களாம், அதனால்! இந்தக் காவலுக்கும் ஏ.டி.பி.தான் செலவு. கூரை பற்றிக்கொண்டால் கோலம் போடவா தோன்றும்? உயிரணுவும் வழக்கமான தயாரிப்பைக் குறைத்துக்கொள்கிறது.

களைப்புக்கு இது ஒன்றே காரணமில்லை. வியர்வையில் நீரும் உப்பும் போகின்றன. தோலைக் குளிரவைக்க ரத்தம் அங்கே திரும்புகிறது, தசைக்குக் குறைகிறது. இதற்கெல்லாம் உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே முதல் வாரம் காலை வேளையில் மட்டும் கொஞ்ச நேரம் நடட்டும். தினம் சிறிது கூட்டலாம். பால் கொடுப்பவளுக்குத் தண்ணீர் இன்னும் அதிகம் தேவை. உப்புப் போட்ட நீர்மோரும் கூழும் தூக்கில் போகட்டும்.

பேச்சுக் குழறினாலோ மயங்கினாலோ களைப்பென்று விட்டுவிடாதீர்கள். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிடுங்கள். நினைவில்லாதபோது வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.