ஜூனியர் வழக்கறிஞரின் மாதத் தொகை: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

எங்களுடையது மாவட்ட, தாலுகா நீதிமன்றங்களில் தொழில் செய்யும் வழக்கறிஞர்களின் சங்கம். ஜூனியருக்கு மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகை ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும், அதைக் கொடுத்ததற்குக் கணக்கும் இருக்க வேண்டும் என்பது எங்கள் நிலை. சங்கத்துக்குள் எல்லாரும் இதை ஒரே மனதாக ஏற்கவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. மறுத்தவர்களின் வாதத்துக்கும் கீழே பதில் சொல்லியிருக்கிறோம்.

2024 ஜூனில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்ந்த சென்னை உயர் நீதிமன்ற அமர்வு இந்தப் பிரச்சினைக்கு ஒரு தொகையைச் சொன்னது. சென்னை, மதுரை, கோவையில் தொழில் செய்யும் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய். இதைச் சுற்றறிக்கையாக அனுப்பும்படி தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவானது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று சொல்லியது. ஆனால் அது பரிந்துரைதான், கட்டாயமில்லை என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டது. கொடுக்காத சீனியர்மீது மாநில பார் கவுன்சிலில் புகார் செய்யலாம் என்கிறது. ஆனால் கட்டாயமில்லாத தொகையைக் கொடுக்கவைக்க அதில் வழி இல்லை.

ஜூனியரின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பது நீதிமன்ற வளாகத்தில் டீ குடிக்கும் எவருக்கும் தெரியும். காலையில் சீனியர் வீட்டில் கேஸ் கட்டுகளை எடுத்து அடுக்க வேண்டும். பத்தரைக்கு முன்சிப் கோர்ட்டில் வாய்தா, அதே நேரத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாஸ் ஓவர். நடுவில் நகல் மனு, இ-ஃபைலிங்குக்கு ஸ்கேன். சாயங்காலம் கட்சிக்காரர் வந்தால் அவர் சொல்வதைக் கேட்டு நோட்டில் எழுத வேண்டும். இத்தனைக்கும் மாதக் கடைசியில் "பெட்ரோலுக்கு வெச்சுக்கப்பா" என்று நீட்டப்படும் சில நோட்டுகளே கூலி. பல மாதங்களில் அதுவும் வருவதில்லை. பெண் ஜூனியரிடம் "உனக்கென்னம்மா, வீட்டில் பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது. எங்களில் மூத்தவர்கள் சிலரும் அப்படிச் சொன்னவர்கள்தான்.

"தொழில் கற்க வந்தாயா, சம்பாதிக்க வந்தாயா?" என்று கேட்பவர்கள் உண்டு. இது அப்பாவின் அலுவலகத்தில் கோட்டு மாட்டியவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. அரசுச் சட்டக் கல்லூரியில் படித்து, குடும்பத்தில் முதல் ஆளாக வக்காலத்தில் கையெழுத்துப் போடும் பிள்ளைக்கு வாடகையும் கல்விக் கடன் தவணையும் ஒன்றாம் தேதி வந்துவிடுகின்றன. அந்தப் பிள்ளை தொழிலை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால் நட்டம் அவருக்கு மட்டுமில்லை. நாளைக்கு இந்தத் தொழிலில் மிஞ்சுவது யார் என்பதும் அங்கேதான் தீர்மானமாகிறது.

பதிவுக் கட்டணத்தில் நீதி கிடைத்தது உண்மை. மாநில பார் கவுன்சில்கள் பல்லாயிரம் ரூபாய் வாங்கி வந்தன. வழக்கறிஞர்கள் சட்டம், 1961 சொல்லும் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். வாசற்படியின் உயரம் குறைந்தது. உள்ளே வந்தவர் முதல் மூன்று வருடம் எப்படிச் சாப்பிடுவார் என்பதுதான் பாக்கி.

அந்த மூன்று வருடத்துக்கு இப்போது வேறொரு கனமும் ஏறியிருக்கிறது. சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டுத் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி விதித்தது. 2002-இல் கைவிடப்பட்ட நிபந்தனை அது. அனுபவம் வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. நீதிமன்றத்தைப் பார்த்திராதவர் இருபத்தைந்து வயதில் தீர்ப்பு எழுத உட்காருவதன் சிரமத்தை அன்றாடம் பார்க்கிறவர்கள் நாங்கள். கவலை சான்றிதழைப் பற்றியது. பத்தாண்டு அனுபவம் உள்ள ஒரு வழக்கறிஞர் சான்று தந்து, அதை அந்த மாவட்டத்தின் அல்லது ஊரின் முதன்மை நீதித்துறை அலுவலர் ஏற்றுக் கையொப்பமிடுவது தீர்ப்பு சொன்ன வழிகளில் ஒன்று. நடைமுறையில் அந்தச் சான்றைத் தரப்போகிறவர் பெரும்பாலும் சீனியர். அவரிடம் சம்பளம் கேட்டுவிட்டு, பிறகு அதே கையிடம் எந்த ஜூனியர் சான்று கேட்பார்? மூன்று வருடம் வாய் திறக்காமல் உழைக்க இது போதும். ஆகவே ஜூனியர் ஆஜரான வழக்குகளின் பட்டியலை ஈ-கோர்ட்ஸ் பதிவுகளைக் கொண்டு அவரே தயாரித்து, நீதிமன்றம் நேரடியாகச் சரிபார்க்கும் முறை வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தைக் கேட்கிறோம்.

மறுத்தவர்களின் வாதத்துக்கு வருவோம். தாலுகா ஊரில் மாதம் நாலைந்து புது வழக்கு மட்டும் வரும் சீனியர் 15,000 ரூபாய்க்கு எங்கே போவார் என்கிறார்கள். நியாயமான கேள்வி. அப்படிப்பட்டவரை அதட்டினால் ஜூனியரையே வைத்துக்கொள்ள மாட்டார். அந்த இடத்தை நிரப்ப வேண்டியது பொது நிதி. கேரளம் 2018-லேயே இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வரை உதவித்தொகைக்கு அரசாணை போட்டது. நம்மிடம் 1987-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் நல நிதிச் சட்டம் இருக்கிறது. வக்காலத்தில் முத்திரை ஒட்டி நாம் எல்லாரும் அதற்குப் பணம் கட்டுகிறோம். வழக்கறிஞர் இறந்தால் குடும்பத்துக்கு அந்த நிதி உதவுகிறது. தொழிலைத் தொடங்குகிறவருக்கும் அதில் பங்கு இருக்கும்படி சட்டத்தைத் திருத்தி, அரசும் தன் பங்கைப் போட வேண்டும்.

சிறிய ஊர் சீனியருக்குச் சொன்ன இந்த விலக்கு வசதியுள்ள சீனியருக்குக் கூடாது. நான்கு ஜூனியர்களை வைத்துக்கொண்டு, பெரிய கம்பெனிகளுக்கும் வங்கிகளுக்கும் வழக்கு நடத்துகிறவர் "முடியவில்லை" என்று சொன்னால் நாங்கள் நம்பத் தயாராக இல்லை. தொகை வங்கிக் கணக்கு வழியே போக வேண்டும். சேரும் நாளில் ஒரு பக்கக் கடிதமாவது ஜூனியரின் கையில் இருக்க வேண்டும். புகார் வந்தால் ஜூனியரின் பெயர் வெளியே தெரியாமல் விசாரிக்கும் குழுவை பார் கவுன்சில் அமைக்க வேண்டும்.

மற்றவரைக் கேட்கும் முன் எங்கள் வீட்டில் தொடங்குகிறோம். சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் தம் ஜூனியருக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறார் என்பதை ஒரு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுகிறார். அந்தப் பதிவேடு சங்க அறை மேசைமேல் இருக்கும். உறுப்பினர் யாரும் எடுத்துப் பார்க்கலாம்.