எரிந்துபோதலா, மரத்துப்போதலா?

'பர்ன் அவுட்' என்னும் ஆங்கில வினைத்தொடரை 'எரிந்துபோதல்' என்று பெயர்த்தெழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. தமிழில் எரிந்துபோவது கூரையும் வைக்கோற்போரும். மனிதரைப் பற்றி வந்தால் எரிந்து விழும் சினமோ வயிற்றெரிச்சலோதான் முன்னே நிற்கும். ஆங்கிலத்திலோ 'அவுட்' என்னும் ஒட்டு, எரிபொருள் தீர்ந்து நெருப்பு தானே அடங்குவதைச் சுட்டுகிறது. எண்ணெய் வற்றிய விளக்கும் சுருள் கருகிய மோட்டாரும் அவ்வினைக்குள் அடங்கும்.

இச்சொல்லை உளவியலில் 1974இல் கையாண்ட ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், இலவச மருத்துவ நிலையங்களில் ஊக்கத்தோடு உழைத்து ஓய்ந்தவர்களையே கருதினார். 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதனை நோயாக அன்றிப் பணிசார் நிகழ்வாக வரையறுத்தது. ஆற்றல் வற்றுதல், பணியினின்று மனம் விலகுதல், செயல்திறன் குறைதல் என மூன்று கூறுகளைச் சொன்னது. நாம் எழுதும் 'பணிச்சோர்வு' முதற்கூறோடு நின்றுவிடுகிறது. சோர்வு உறங்கி எழுந்தால் நீங்குவது.

பெருங்கடவிளை, பாறசாலைப் பகுதிகளின் ரப்பர்த் தோட்டங்களில் 'பட்டமரப்பு' என்றொரு சொல் வழங்குகிறது. மலையாளச் சொல்தான், ஆயினும் பட்டையும் மரப்பும் நமக்கும் உரியவை. (பட்ட மரம் என்று கொள்ளற்க.) மரம் பச்சையாகவே நிற்கும், இலை தளிர்க்கும், வெட்டினால் மட்டும் பால் வராது. அளவுக்கு மீறி வெட்டுவதும், பால் பெருகுவதற்கென மருந்து பூசி மேலும் கறப்பதும் இதற்கு முதன்மையான காரணங்கள். உரமிட்டுத் திருத்த இயலாது. வெட்டை நிறுத்தி ஓய்வளிப்பதே முதற்செயல்.

'மரத்துப்போதல்' என்பதில் வரும் துணைவினை 'போ', வேண்டாத மாற்றம் முற்றுப்பெற்றதை உணர்த்துகிறது. 'அவுட்' செய்யும் வேலையை ஏறத்தாழ இதுவும் செய்கிறது. மரத்தல் உணர்வின்மையையே குறிக்கும், ஆற்றல் தீர்வதைக் குறிக்காது என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே. ஆனால் பட்டமரப்பில் இரண்டும் ஒருங்கே உள்ளன. ஆகவே கலைச்சொல்லாகப் 'பணிமரப்பு' என்பதை முன்வைக்கிறேன்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 'சோர்வு' என்றால் ஆய்வு மாணவருக்கு யோகப் பயிற்சியும் ஊக்கவுரையும் பரிந்துரைக்கப்படும். குறை அவருடைய உடலிலும் மனத்திலும் தேடப்படும். 'மரப்பு' என்றால் வெட்டியவரை நோக்கிக் கேள்வி திரும்பும்: உதவித்தொகை எத்தனை மாதம் நிலுவை? ஆய்வுக்குப் புறம்பான எத்தனை வேலைகள் சுமத்தப்பட்டன? விடுப்பு எப்போது மறுக்கப்பட்டது?

விளவங்கோட்டுப் பக்கத்துப் பால்வெட்டுத் தொழிலாளரிடையே இதற்கு வேறு சொல் வழங்குமாயின், அறிந்தோர் கீழே எழுதுக.