நோண்டுகிறவன் எல்லாம் திருடனா?

"கால்குலேட்டரைப் போய் ஹேக் பண்றானுங்களாம்... வேலை வெட்டி இல்லாத பசங்க!"

கிராஃபிங் கால்குலேட்டரின் சிஸ்டம் மென்பொருளைப் பிரித்து மேய்வதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது என்று சொன்னால், பேராசிரியர்கள், பெற்றோர்கள், ஏன், சக மாணவர்களே உதிர்க்கும் முத்து இதுதான். கொஞ்சம் விவரம் தெரிந்த ஆசாமி என்றால் கூடவே இன்னும் இரண்டு வரி வரும். "அது சட்டப்படி திருட்டு தெரியுமா? எல்லாம் பரீட்சையில காப்பி அடிக்கத்தான்."

ஆக மொத்தம் மூன்று குற்றச்சாட்டுகள். வெட்டி வேலை, திருட்டு, காப்பி. மூன்றுமே தப்பு. அதிலும் அந்தத் திருட்டுப் பட்டம் இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு கொடுக்கப்படும்போது, சட்டப் புத்தகத்தைப் பிரித்தே பார்க்காதவர்கள் விடும் கதை.

முதலில் அது என்ன சாமான் என்று தெரியாதவர்களுக்கு. புதுக்கோட்டை கடைவீதியில் கால்குலேட்டர் என்று கேட்டால் எடுத்துப் போடுவது இரண்டு வகை. பி.காம். படிப்பவர் கையில் இருக்கும் 12 இலக்க சிட்டிசன் ஒன்று, இன்ஜினியரிங் படிப்பவர் கையில் இருக்கும் காசியோ எஃப்எக்ஸ்-991 இன்னொன்று. கிராஃபிங் கால்குலேட்டர் மூன்றாவது ஜாதி. சமன்பாட்டைக் கொடுத்தால் திரையில் கோடு வரைந்து காட்டும். புரோகிராம் எழுதி உள்ளே வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பள்ளிகளில் அது கிட்டத்தட்ட பாடப்புத்தகம் மாதிரி. அங்கே அந்தச் சந்தைக்கு ராஜா டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் (சுருக்கமாக டிஐ).

1999-இல் வந்த அதன் டிஐ-83 பிளஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 6 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80 சிப். 32 கிலோபைட் ரேம், அதிலும் பயன்படுத்துகிறவருக்குக் கிடைப்பது 24 சொச்சம்தான். 96-க்கு 64 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை. இன்றைக்கு ஒரு வாட்ஸப் ஸ்டிக்கர்கூட அந்த ரேமில் அடங்காது. அதில்தான் பள்ளிக்கூடப் பொடியன்கள் டெட்ரிஸ் ஓட்டினார்கள். கறுப்பு வெள்ளைத் திரையின் புள்ளிகளை வேகமாக அணைத்து அணைத்து எரியவிட்டு சாம்பல் நிறத்தை வரவழைத்தார்கள். கடைசியில் கம்பெனி கொடுத்த இயங்குதளத்தையே தூக்கிவிட்டு சொந்தமாக ஒன்று எழுதி ஓட்டினார்கள்.

இதற்குக் கம்பெனி என்ன செய்தது? அங்கேதான் கதை சுவாரசியம்.

1992-இல் வந்த டிஐ-85-இல் இயந்திர மொழி நிரல் ஓட்ட அதிகாரபூர்வ வழி எதுவும் கிடையாது. மாணவர்கள் நோண்டி நோண்டி, மெமரி பேக்கப் வழியாக உள்ளே நுழையும் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். டிஐ கோபித்துக்கொண்டு வழக்கு போடவில்லை. அடுத்து 1996-இல் வந்த டிஐ-83-இல் இயந்திர மொழி நிரல் ஓட்டும் வசதியைத் தானே வைத்துக் கொடுத்தது. நோண்டியவர்கள் காட்டிய வழியில் கம்பெனி நடந்தது. பசங்களும் அந்தக் கால்குலேட்டரையே கட்டி அழுதார்கள். இரண்டு பக்கமும் லாபம்.

ஆனால் இயங்குதளத்தை மட்டும் பூட்டி வைத்தார்கள். பூட்டு எப்படி என்றால், வங்கியில் இருக்கும் மாதிரிக் கையெழுத்து அட்டை மாதிரி. காசோலையில் இருக்கும் கையெழுத்தை அட்டையோடு ஒப்பிட்டு, பொருந்தினால்தான் பணம். அதேபோல் புது இயங்குதளத்தை ஏற்றும்போது கால்குலேட்டர் தன்னிடம் உள்ள ஒரு பெரிய எண்ணை வைத்து "இது கம்பெனி போட்ட கையெழுத்துதானா?" என்று சரிபார்க்கும். அந்த எண் 512 பிட், அதாவது 154 இலக்கம். இரண்டு பகா எண்களைப் பெருக்கிக் கிடைத்தது. அந்த இரண்டையும் கண்டுபிடித்துவிட்டால் கம்பெனியின் கையெழுத்தை யாரும் போடலாம்.

154 இலக்க எண்ணை உடைப்பது என்ன சாதாரணமா? 1999-இல் அந்த அளவுள்ள ஓர் எண்ணை உடைக்க ஒரு சர்வதேச ஆய்வுக் குழுவுக்கு நூற்றுக்கணக்கான கணினிகளும் பல மாதங்களும் தேவைப்பட்டன. பத்தே வருடம். 2009 ஜூலையில் ஓர் ஆர்வலர், வீட்டில் இருக்கும் சாதாரண டூயல்கோர் கணினியை 73 நாள் ஓடவிட்டு டிஐ-83 பிளஸ்ஸின் எண்ணை உடைத்துவிட்டார். அதற்குப் பயன்படுத்தியதெல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். பிறகு பலர் தங்கள் கணினிகளை ஒன்றாக இணைத்து மற்ற மாடல்களின் எண்களையும் உடைத்தார்கள்.

யாருடைய பணமும் போகவில்லை. யாருடைய ரகசியமும் வெளியாகவில்லை. டிஐயின் இயங்குதளம் அதற்கு முன்பே அதன் தளத்தில் இலவசமாகக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. இருந்தும் கம்பெனி அமெரிக்காவின் 1998-ஆம் வருட டிஜிட்டல் மில்லேனியம் காப்பிரைட் சட்டத்தைக் காட்டி, அந்த எண்களை வெளியிட்டவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஓர் எண்ணை எழுதி வைத்ததற்கு நோட்டீஸ்! எலக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் அமைப்பு 2009 அக்டோபரில் மூன்று பதிவர்கள் சார்பாகப் பதில் கடிதம் அனுப்பியது. எவரும் படிக்கக்கூடிய மென்பொருளுக்கு இது பூட்டே இல்லை, காப்பிரைட் மீறலும் இல்லை என்பது அதன் வாதம். வழக்கு ஏதும் நடக்கவில்லை. எண்கள் இன்றும் இணையத்தில் இருக்கின்றன. டிஐ திவாலாகவும் இல்லை :-)

இதைத்தான் இங்கே "சட்டப்படி திருட்டு" என்கிறார்கள். அமெரிக்காவிலேயே நிற்காத வாதம். இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

பி.காம். மாணவர்கள் வணிகச் சட்டத் தாளுக்கு உருப்போடும் சரக்கு விற்பனைச் சட்டம், 1930. அதில் 14-ஆம் பிரிவு: விற்ற பொருளை வாங்கியவர் இடையூறின்றி அனுபவிப்பார் என்பது சொல்லாமலே அடங்கிய உத்தரவாதம். பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வியாக எழுதிவிட்டு வெளியே வந்து, "வாங்கின கால்குலேட்டரைத் திறந்தால் தப்பு" என்று பேசுவது என்ன படிப்போ!

உடனே ஒருவர் வருவார். "பெட்டிதான் உன்னுது. உள்ளே இருக்கிற மென்பொருள் கம்பெனிக்குச் சொந்தம்." சரி, அதற்கும் பதில் இருக்கிறது. காப்பிரைட் சட்டம், 1957. அதன் 52(1) பிரிவில் எவையெல்லாம் மீறல் ஆகாது என்று ஒரு பட்டியல். 1999 திருத்தத்தில் சேர்ந்த 'ஏபி', 'ஏசி', 'ஏடி' உட்பிரிவுகளைப் படித்தால் போதும். முறையாக வாங்கிய மென்பொருளோடு சேர்ந்து இயங்கும் இன்னொரு மென்பொருளை எழுதத் தேவையான விவரம் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காவிட்டால், அதைத் தோண்டி எடுக்கலாம். அது எப்படி வேலை செய்கிறது என்று கவனிக்கலாம், ஆராயலாம், சோதிக்கலாம். வியாபார நோக்கமில்லாத சொந்த உபயோகத்துக்கு அதை மாற்றியும் அமைக்கலாம். 2012-இல் டிஜிட்டல் பூட்டு உடைப்பதற்கு எதிராக 65ஏ பிரிவு வந்தது. அதுவும், காப்பிரைட்டை மீறும் எண்ணத்தோடு உடைத்தால்தான் குற்றம் என்கிறது.

கம்பெனியின் இயங்குதளத்தை அப்படியே காப்பி எடுத்து ஊரெல்லாம் விற்றால் அது திருட்டுதான். யாரும் மறுக்கவில்லை. ஆனால் திறந்து பார்ப்பதும், தனக்காக மாற்றுவதும், சொந்தமாக எழுதி ஏற்றுவதும் திருட்டு இல்லை. அமெரிக்கப் பையனுக்கு வக்கீல் தேவைப்பட்ட இடத்தில் புதுக்கோட்டைப் பையனுக்குச் சட்டப் புத்தகமே துணை நிற்கிறது. இதை எந்த வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

அடுத்தது காப்பி. பரீட்சை ஹாலுக்குள் எதைக் கொண்டுவரலாம் என்று கட்டுப்பாடு போடுவது நியாயம்தான். சி.ஏ. தேர்வு நடத்தும் ஐசிஏஐ, 12 இலக்கம், ஆறு செயல்பாடு, இரண்டு மெமரிக்கு மேல் போகாத கால்குலேட்டர்தான் வேண்டும் என்கிறது. யாரும் சண்டைக்குப் போகவில்லை. கேட் தேர்வில் 2016-லிருந்து திரையிலேயே கால்குலேட்டர் வந்துவிட்டது. முடிந்தது கதை. ஹாலுக்குள் இருக்கும் பிரச்சினையை ஹாலுக்குள்ளேயே தீர்க்க வழி இருக்கிறது. அதற்காக வருடம் முழுக்க, வீட்டில்கூட அந்தக் கருவி பூட்டியே கிடக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? பிட்டு எழுதுகிறார்கள் என்று யாரும் காகிதத்தைத் தடை செய்வதில்லையே.

ஆனால் நடப்பது அதுதான். 2020-இல் பரீட்சைப் பயன்முறையை ஏமாற்ற முடியும் என்று ஒரு வீடியோ வந்ததும், டிஐ தன் புதிய மாடல்களில் இயந்திர மொழி வசதியையே பிடுங்கிவிட்டது. நிரலைத் திறந்து காட்டிப் பெயர் வாங்கிய பிரான்சின் நம்வொர்க்ஸும் 2021-இல் பூட்டுப் போட ஆரம்பித்தது. ஒருவர் செய்த தப்புக்கு ஒரு தலைமுறையின் விளையாட்டு மைதானம் பறிபோனது.

கடைசியாக வெட்டி வேலை. கால்குலேட்டர் என்ன பெரிய சாமான் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 1971-இல் வந்த இன்டெல் 4004 மைக்ரோபிராசசர், பிசிகாம் என்ற ஜப்பான் கம்பெனியின் கால்குலேட்டருக்காகச் செய்யப்பட்டது. அதில் வேலை செய்த ஃபெடரிகோ ஃபாஜின் இன்டெல்லை விட்டு வெளியே வந்து, இன்டெல் 8080-க்கு எழுதிய நிரல்களை ஓட்டக்கூடிய ஒரு சிப்பைச் செய்தார். அதுதான் 1976-இல் வந்த இசட்80. டிஐ கால்குலேட்டருக்குள் உட்கார்ந்திருப்பது அதேதான்.

இங்கே இன்ஜினியரிங் கல்லூரி லேப்களில் காலம் காலமாக மாணவர்கள் தட்டிய 8085 கிட்டும் அந்தக் குடும்பம்தான், இசட்80-க்குப் பங்காளி. இரண்டு எண்ணைக் கூட்டும் நிரலை ரெக்கார்டு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, மறந்துபோவதற்குப் பெயர் படிப்பு. அதே மாதிரிக் கட்டளைகளை வைத்து ஓர் இயங்குதளமே எழுதினால் அதற்குப் பெயர் வெட்டி வேலை!

காமர்ஸ்காரர்களுக்கு என்ன சம்பந்தம் என்கிறீர்களா? டாலி. கம்பெனியே டிடிஎல் என்ற மொழியைக் கொடுத்து, மென்பொருளை வேண்டியபடி மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. அதை வைத்துக் கடை கடையாகப் போய் இன்வாய்ஸ் மாற்றிக் கொடுத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். டாலியில் என்ட்ரி மட்டும் போடத் தெரிந்தவரின் சம்பளத்தையும் டிடிஎல் தெரிந்தவரின் வருமானத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் நோண்டுவதன் விலை தெரியும்.

உண்மையில் நோண்டுவது இந்த ஊருக்குப் புதிதே இல்லை. செல்போன் சர்வீஸ் கடைகளில் "சாஃப்ட்வேர் அடிக்கணும்" என்றால் அரை மணி நேரத்தில் வேலை முடிகிறது. அந்த அண்ணனை யாரும் திருடன் என்பதில்லை. கைராசிக்காரர் என்கிறார்கள். அதையே ஒரு மாணவன் ஆர்வத்தில் செய்தால் மட்டும் எல்லாருக்கும் சட்டம் ஞாபகம் வருகிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில், தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு எது? ஆனால் கையில் கொடுக்கும்போதே சொல்லிக் கொடுத்த பாடம், "எதையும் தொடாதே, கெட்டுப்போயிடும்."

இதே மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கொடுத்தது. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். அப்போதும் கேலி பேசினார்கள். பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள் என்றார்கள். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு அந்தப் பெண்கள் ஓட்டிப் போனதும் கேலி அடங்கியது. இயந்திரத்துக்குப் பயப்படாதே என்ற பாடத்தை நாட்டுக்கே சொன்ன மாவட்டம், இன்று தன் பிள்ளைகளிடம் கால்குலேட்டரைத் தொடாதே என்கிறது.

கல்லூரிகள் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். லேபில் ஒரு மூலையில் பழைய கால்குலேட்டர், பழைய போன், பழைய லேப்டாப் நான்கைந்து போட்டு, "பிரிங்கப்பா" என்று விட்டால் போதும். வணிகச் சட்ட வகுப்பில் 52-ஆம் பிரிவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இன்னும் நல்லது.

"நோண்டி உடைஞ்சு போச்சுன்னா யார் பொறுப்பு?" என்று கேட்பவர்களுக்கு: நோண்டியவன்தான். சொந்தம் என்றால் அதுதானே அர்த்தம்.