பழைய கிடார் சொல்லும் வியாபாரப் பாடம்

மளிகை மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளைக் கழித்த நமக்கும் மின்சார கிடாருக்கும் என்ன சம்பந்தம் என்று வணிக நண்பர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. சரக்கை இனம் காண்பது, விலை மதிப்பது, சரக்கில் கை வைப்பது ஆகிய மூன்றும் எல்லா வியாபாரத்துக்கும் பொது.

2018இல் அமெரிக்காவில் சிகாகோ நகரில் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தோம். பேரனுக்குக் கிடார் கம்பி வாங்க ஒரு கடைக்குப் போனோம். அங்கே பழைய கிடார்களையும் வாங்கி விற்கிறார்கள். எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் காலஞ்சென்ற தம் அண்ணனின் கிடாரைக் கொண்டுவந்து, "என்ன தருவீர்கள்?" என்று கேட்டார். விலை தெரியாமல் வந்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆயிரம் டாலர் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

கடைக்காரர் விலை சொல்லவில்லை, திருப்புளியை எடுத்தார்.

அது ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர். 1954இல் அறிமுகமானபோது அதன் விலை 249.50 டாலர். 1965 ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனம் அந்தக் கம்பெனியை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதன்பின் தரம் இறங்கியது என்பது வாத்தியக்காரர்களின் தீர்ப்பு. 1985இல் சி.பி.எஸ். அதை விற்றபோது கிடைத்தது 1 கோடியே 25 லட்சம்தான். இருபது வருஷம் நடத்தியும் முதலே தேறவில்லை! அதனால்தான் 1965க்கு முந்திய சரக்குக்குத் தனி மவுசு. பழைய அரிசிக்கு நம் கடையில் தனி விலை இல்லையா, அது போல.

பின்புறத் தகட்டில் வரிசை எண் இருந்தது. கடைக்காரர் அதை நம்பவில்லை. நான்கு திருகைக் கழற்றினால் தகடு மாறிவிடும் என்றார். கழுத்துப் பகுதியைக் கழற்றி, அடியில் இருந்த மாத, வருஷ முத்திரையைப் பார்த்தார். பிறகு ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களின் அடியில் பொறித்த எண்ணைக் காட்டினார். 304 6412 என்று இருந்தது. 304 என்பது குமிழ் செய்த ஸ்டாக்போல் கம்பெனியின் குறி; 64 வருஷம்; 12 வாரம். கிடார் அதற்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது. பின்னால் செய்திருக்கலாம், ஏனென்றால் வாங்கிய குமிழ்கள் கிடங்கில் கிடந்திருக்கலாம். மூட்டையின் தேதி வேறு, விற்ற தேதி வேறு என்பது நமக்குத் தெரியாததா? அடுத்து, ஈயப் பற்று வைத்த இடங்களை யாராவது மறுபடி சுட்டிருக்கிறார்களா என்று பார்த்தார். எல்லாம் அசல்.

கடைசியில் வர்ணம். வெளியே நல்ல சிவப்பு. கழுத்து பொருந்தும் குழியின் ஓரத்தில் மஞ்சளும் பழுப்பும். "அண்ணன்தான் பிற்பாடு வர்ணம் மாற்றினார்" என்றார் பெரியவர்.

"வருஷம் சரி, உறுப்புகள் சரி. அசல் வர்ணம் இருந்தால் பதினான்காயிரத்துக்கு விற்பேன். இது ஏழாயிரத்துக்குத்தான் போகும். எனக்கு லாபம் வேண்டும், ஐயாயிரம் தருகிறேன். வேறு கடையிலும் விசாரித்துவிட்டு வாருங்கள்" என்றார் கடைக்காரர். பழைய நிறத்தையே திரும்பப் பூசினால் என்ன என்று பெரியவர் கேட்டார். பூசினால் அதுவும் இன்னொரு மறுபூச்சுதான் என்று பதில் வந்தது. பெரியவர் வேறு கடைக்குப் போகவில்லை. அங்கேயே விற்றுவிட்டுப் போனார்.

நமக்கு நம் தந்தையாரின் கல்லாப்பெட்டி நினைவு வந்தது. ஈட்டி மரப் பெட்டி. மூடியின் உட்புறம் அவர் கைப்படக் கடை தொடங்கிய நாளை எழுதியிருந்தார். 1985இல் கடையைப் புதுப்பித்தபோது, பெட்டியும் பளபளக்கட்டும் என்று உள்ளும் புறமும் இழைத்துச் சன்மைக்கா ஒட்டச் சொன்னோம். அந்த எழுத்தை இனி எந்தத் தச்சர் கொண்டுவருவார்?

ஆகவே எதையுமே மாற்றக்கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. கிடார் வாசிப்பதற்கான கருவி. விரல் பட்டுத் தேய்ந்த உலோகக் கட்டைகளை மாற்றித்தான் ஆகவேண்டும். அதற்காக விலை பெரிதாகக் குறைவதில்லை. காந்தச் சுருளை மாற்றுபவரும் பழையதைப் பத்திரமாக வைத்திருந்தால் திரும்பப் பொருத்திக்கொள்ளலாம். டேவிட் கில்மோர் என்ற இங்கிலாந்துக் கலைஞர் 1970இல் வாங்கிய கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கழுத்து முதல் காந்தச் சுருள் வரை பலமுறை மாற்றினார். ஆனாலும் 2019இல் நியூயார்க் ஏலத்தில் அது 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. வாசித்தவரின் பெயருக்காகத்தான் அந்த விலை என்பது உண்மை. அதோடு, செய்த மாற்றங்கள் ஊரறியப் பதிவாகியும் இருந்தன. மாற்றுவது குற்றமல்ல, மறைப்பதுதான் குற்றம்.

"சரக்கை அழகாக்கினால்தானே போணியாகும்" என்பார்கள் நம்மவர்கள். புடைத்துச் சலித்துக் கல் பொறுக்குவது வியாபாரம். பருப்புக்குச் சாயம் ஏற்றுவதும், போன வருஷத்து மிளகாயைப் புது வரத்தில் கலப்பதும் வியாபாரம் ஆகாது. பழசைப் பழசென்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்போம்.

இன்னொன்று. அந்தக் கடைக்காரர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு நாலாயிரம் டாலர் கூடுதல் லாபம். விற்க வருகிற விவசாயிக்கு அன்றைய விலை தெரியாதபோது நாம் என்ன செய்கிறோம் என்று ஒவ்வொருவரும் கல்லாவில் உட்காரும்போது எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.