ஆத்தே வீட்டு டிபன்

பிலிப்பைன்ஸில் ஒரு பெண்மணியிடம் மரியாதையாகப் பேச இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் போதும். நம்மைவிட மூத்தவராக இருந்தால் 'ஆத்தே' என்று கூப்பிட வேண்டும். அக்கா என்று அர்த்தம். அப்புறம், பேச்சில் அங்கங்கே ஒரு 'போ' சேர்த்துக்கொள்ள வேண்டும். நம்முடைய 'ங்க' மாதிரி.

முதல் ஒரு வாரம் எனக்கு நாக்கே எழவில்லை. தங்க இடம் கொடுத்த மகராசியைப் பார்த்து 'ஆத்தே... போ' என்று எந்த வாயால் சொல்வது? நம் ஊரில் சொல்லியிருந்தால் அந்த வாயில் பல் இருந்திருக்காது.

நான் ஏன் அங்கே போனேன் என்று கேட்கிறீர்களா? பி.காம். படித்தவனை உலகத்தின் எந்த மூலைக்கும் அனுப்பலாம் சார். பற்று இடது பக்கம், வரவு வலது பக்கம் என்பதில் தேசங்களுக்குள் சண்டை கிடையாது. மணிலாவில் ஒரு கம்பெனிக்கு எட்டு மாதக் கணக்கு வேலை. சரி என்று கிளம்பிவிட்டேன்.

வீடு கிடைத்தது மரிக்கினாவில். மணிலாவை ஒட்டிய ஊர். ஷூ, செருப்புத் தயாரிப்புக்குப் பேர்போனது. ஆத்தேயின் கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் ஒன்பது மாதம் கடலில்தான். ஆத்தே வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஷூவுக்கு மேல்பாகம் தைத்துக் கொடுப்பார். ஆறாவது படிக்கும் ஒரு பையன். மாடி அறை எனக்கு. வாடகையில் காலை டிபன் அடக்கம்.

முதல் நாள் காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டி, "குமாயின் கா நா?" என்றார். வாடகை பாக்கி கேட்கிறாரோ என்று பயந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, 'சாப்பிட்டாச்சா?' என்று அர்த்தம். அடடா, நம்ம ஜாதி! மணி என்ன ஆனாலும் முதல் கேள்வி இதுதான்.

"இட்லோக் இருக்கு, வாங்க" என்றார்.

இட்லோக்! கடல் கடந்து வந்தாலும் இட்லி கைவிடவில்லையே என்று படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். தட்டில் முட்டை இருந்தது. இட்லோக் என்றால் முட்டை.

ஏமாற்றம் ஒரு நிமிடம்தான். முட்டைக்குப் பக்கத்தில் குவித்து வைத்திருந்த சோறு. பூண்டைப் பொன்னிறமாக வறுத்துப் போட்டுப் புரட்டிய சோறு. அதன் பெயர் சினாங்காக். அதற்குப் பக்கத்தில், முதுகுப் பக்கமாகக் கீறிப் புத்தகம் மாதிரி விரித்து வறுத்த பாங்கூஸ் மீன். நம் ஊரில் பால்கெண்டை என்கிறோமே, அதேதான். ஒரு கிண்ணத்தில் பூண்டும் மிளகாயும் மிதக்கும் காடி. தென்னங்கள்ளைப் புளிக்க விட்டுச் செய்தது. ஓரமாக, பப்பாளிக்காய் துருவிப் போட்ட ஊறுகாய். பெயர் அட்சாரா; யாழ்ப்பாணத்து 'அச்சாறு' இதற்குச் சொந்தக்காரன்தான்.

ஸ்பூனைத் தள்ளிவைத்துவிட்டுக் கையால் பிசைந்து அடித்தேன். ஆத்தே பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்க அப்பாவும் இப்படித்தான் சாப்பிடுவார்" என்றார். அன்றிலிருந்து எனக்கு மீனில் வயிற்றுப் பக்கத்துத் துண்டு. அதில்தான் கொழுப்பு, அதற்குத்தான் அங்கே வீட்டுக்கு வீடு போட்டி.

இந்தக் காலை உணவுக்கு ஒரு ஃபார்முலா உண்டு. காமர்ஸ் மாணவர்கள் கவனிக்கவும். சினாங்காக்கும் இட்லோக்கும் நிரந்தரச் செலவு. இரண்டையும் சேர்த்துச் சுருக்கினால் 'சிலோக்'. முன்னால் வருவது மட்டும் மாறும் செலவு. 'தாப்பா' என்ற பதப்படுத்திய மாட்டிறைச்சி வந்தால் தாப்சிலோக். இனிப்பாக ஊறவைத்த பன்றி இறைச்சியான தோசினோ வந்தால் தோசிலோக். லோங்கனீசா என்ற சாஸேஜ் வந்தால் லோங்சிலோக். பாங்கூஸ் வந்தால் பாங்சிலோக். தாப்சிலோக் என்ற பெயரைப் பிரபலப்படுத்தியது 1980-களில் இதே மரிக்கினாவில் ஆரம்பித்த 'தாப்ஸி நி விவியன்' என்ற சாப்பாட்டுக் கடை என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

மூன்று மாதம் ராஜபோகம். நான்காவது மாதம் ஒரு சாயந்திரம் ஆபீஸ் விட்டு வந்தால் தையல் மெஷின் சத்தம் இல்லை. ஆத்தே போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். தொட்டால் கொதிக்கிறது. டாக்டரிடம் அழைத்துப் போய் மாத்திரை வாங்கி வந்ததில் மணி ஒன்பது. பையனுக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் பரீட்சை. அங்கே சில அரசுப் பள்ளிகளில் ஷிப்ட் முறை. இவனுக்குக் காலை ஆறு மணிக்கே மணி அடித்துவிடும்.

"அவனுக்குக் காலையில..." என்று முனகினார் ஆத்தே.

"நான் பாத்துக்கறேன், போ!" என்றேன், மரியாதையாக.

சார், எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அதுவரை அடுப்பில் நான் பற்றவைத்த ஒரே வஸ்து சிகரெட். ஆனாலும் தைரியம் இருந்தது. சோறு, பூண்டு, முட்டை, மீன். இதில் என்ன ராக்கெட் வித்தை?

காலை நாலு மணிக்கு எழுந்தேன். அரிசி களைந்து குக்கரில் போட்டேன். சோறு வெந்ததும் ஆவி பறக்கப் பறக்க வாணலியில் தட்டினேன். பூண்டை அதற்கு முன்பே புகை கிளம்பும் எண்ணெயில் போட்டிருந்தேன். அரை நிமிடத்தில் அது கரியாகியிருந்தது. சுடுசோறு அந்தக் கரியோடு சேர்ந்து, போஸ்டர் ஒட்டும் பசை மாதிரி ஒரே உருண்டையாகக் கரண்டியில் தொங்கியது. மீன் ஃப்ரீஸரில் செங்கல்லாக இருந்தது. அப்படியே எண்ணெயில் இறக்கினேன். தீபாவளிதான்! குடத்து மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு எட்டி நின்று போரிட்டேன். மீன் வெளியே கருப்பு, உள்ளே ஐஸ்.

பையன் வந்து உட்கார்ந்தான். ஒரு வாய் வைத்தான்.

"எப்படி இருக்கு?"

"மஸராப், போ" என்றான். ருசியாக இருக்கிறதாம். அம்மா வளர்ப்பு அப்படி. ஆனால் நாலு வாய்க்கு மேல் போகவில்லை. வாசலில் சைக்கிளில் ஹாரன் அடித்துப் போனவனிடம் இரண்டு பாண்டெசால் ரொட்டி வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு பரீட்சைக்கு ஓடினான். அந்த முதுகைப் பார்த்தபோது எனக்கு என்னவோ போல இருந்தது. பரீட்சை நாளில் வெறும் ரொட்டியோடு ஒரு பிள்ளையை அனுப்பிவிட்டேனே!

உள்ளேயிருந்து ஆத்தே சிரிக்கும் சத்தம் கேட்டது. காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"சோறு எப்ப வடிச்சீங்க?"

"இப்பத்தான். சூடா இருக்கட்டுமேன்னு..."

"காலை டிபனை யாராவது காலைல செய்வாங்களா? அது ராத்திரி செய்யற வேலை" என்றார்.

அன்று ராத்திரி படுக்கையிலிருந்தபடியே அவர் டிக்டேஷன், சமையலறையில் நான்.

முதல் பாடம்: ராத்திரி அரிசி போடும்போதே காலைக்கும் சேர்த்துப் போடு. மிஞ்சியதைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, மூடி ஃப்ரிட்ஜில் வை. குளிர்ந்து ஈரம் வற்றின சோறுதான் பருக்கை பருக்கையாக உதிரும். இந்தப் பழைய சோற்றுக்கு அவர்கள் பாஷையில் தனிப் பெயரே இருக்கிறது: பாஹாவ். நெல்லுக்கு ஒரு பெயர், அரிசிக்கு ஒரு பெயர், சோற்றுக்கு ஒரு பெயர், கஞ்சிக்கு ஒரு பெயர், அடிப்பிடித்த காந்தலுக்குக்கூட 'துத்தோங்' என்று ஒரு பெயர். எல்லாவற்றையும் 'ரைஸ்' என்று சொல்லிவிட்டுப் போகும் இங்கிலீஷ்காரனுக்கு இது புரியாது. நமக்குப் புரியும்.

இரண்டாம் பாடம்: மீனை ராத்திரியே காடி, நசுக்கிய பூண்டு, மிளகு, உப்பில் ஊறப்போடு. உப்புக்கு அவர்கள் பாஷையில் 'அசின்'. "அசின் போதுமா பாருங்க" என்று ஆத்தே கேட்டபோது, நம் சினிமா ரசிகன் ஒருவன் எனக்குள் எழுந்து உட்கார்ந்தான். அடக்கினேன்.

மூன்றாம் பாடம்: பூண்டை எண்ணெய் காய்வதற்கு முன்பே போட்டுச் சிறு தீயில் வை. நிறம் மாறும்போதே பாதியை எடுத்துத் தனியே வை, கடைசியில் மேலே தூவ. மீனை எண்ணெயில் விடுவதற்கு முன் துணியால் ஒற்றி எடு. ஈரம் இருந்தால்தான் வெடிக்கும்.

எல்லாம் முடித்துப் பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும்போது மணி பதினொன்று. தெருவே தூங்கிவிட்டது. ஆத்தே தினமும் தையல் மெஷினை மூடிவிட்டு இதையெல்லாம் செய்துவிட்டுத்தான் படுக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலை சோறு வாணலியில் சலசலவென்று உதிர்ந்தது. பூண்டு வாசனைக்குப் பையன் தானாகவே எழுந்து வந்துவிட்டான். மீன் மொறுமொறு. முட்டையின் ஓரம் சரிகை மாதிரி சுருண்டிருந்தது. பேசாமல் சாப்பிட்டான். தட்டைக் காட்டி இன்னும் கொஞ்சம் கேட்டான். 'மஸராப்' என்று சொல்லவில்லை. அதுதான் சார் நிஜமான சர்டிபிகேட்!

மத்தியானம் ஆபீஸில் பன்னிரண்டரை. நம் ஊரில் காலை பத்து. ஏதோ தோன்றி அம்மாவுக்குப் போன் போட்டேன். இருபத்தைந்து வருடம் அம்மா கையால் இட்லி சாப்பிட்டவன். காலையில் கண் விழித்தால் இட்லி இருக்கும், சூரியன் மாதிரி. சூரியனை யார் சார் விசாரிக்கிறார்கள்?

"அம்மா, மாவு அரைச்சுக் கரைச்சு வெச்சுட்டு நீ ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பே?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"பதினொண்ணு, பதினொண்ணரை ஆகும். ஏன்டா?"

"சும்மாத்தான்."

"சும்மால்லாம் நீ போன் பண்ற ஆள் இல்லையே? உடம்பு சரியில்லையா? பணம் எதுவும் வேணுமா?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. ஆத்தேக்குத்தான் காய்ச்சல். ரெண்டு நாளா நான்தான் சமைக்கிறேன்."

"நீ சமைக்கறியா?" குரல் மாறியது. "யார்றா அவ ஆத்தே?"

விளக்கிச் சொல்ல முக்கால் மணி நேரம் ஆயிற்று. கல்யாணமானவர், கணவர் கப்பலில் இருக்கிறார், பையன் ஆறாவது படிக்கிறான், ஆத்தே என்றால் அக்கா என்று எல்லாம் சொன்னேன். நம்பிய மாதிரி தெரியவில்லை.

அந்த வாரக் கடைசிக்குள் என் போனுக்கு ஏழு ஜாதகங்கள் வந்து சேர்ந்தன.